கட்டைவிரல் இருந்த இடம்

"இதை எழுதினவன் கை விளங்காமப் போக!" என்று அக்கா வாய்விட்டுச் சபித்தாள். சபித்து முடித்த பிறகுதான், கை விளங்காமல் கட்டுப் போட்டுக்கொண்டு தம்பி எதிரிலேயே உட்கார்ந்திருப்பது உறைத்தது. சாபம் வழி தவறி யார் மேல் போய் விழும் என்று யார் கண்டது? சாபத்தை வாபஸ் வாங்குகிற மாதிரி உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு காகிதத்தை மறுபடியும் படித்தாள்.

அரைப் பக்கம்தான். டைப் அடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார்கள். 'பலமுறை அறிவுறுத்தியும் கேளாமல், கைப்பிடியைச் சுற்றிக் கட்டைவிரலை வைத்துப் பிடித்ததால், ஓட்டுநரின் சொந்தக் கவனக்குறைவின் காரணமாகவே இவ்விபத்து நேர்ந்தது.'

"யாருடா உனக்குப் பலமுறை அறிவுறுத்தினது?"

தம்பி தரையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கும் தரைக்கும் அப்படி ஒரு பந்தம். "நாளைக்கு விசாரணையில இதுல கையெழுத்து போட்டாப் போதுமாம்க்கா. அதோட முடிஞ்சுதுன்னு சூப்பர்வைசர் சொன்னார்."

"போட்டா?"

"லைசென்ஸை வாங்கிப்பாங்க. ஸ்டோர்ல உக்கார வெப்பாங்களாம். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்க."

இருபத்தொரு வருஷம் புல்டோசர் மேல் உட்கார்ந்தவன். மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தவுடனே எத்தனை தள்ளுக்குச் சமமாகும் என்று சொல்கிறவன். தரையில் நிற்கும்போதுதான் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பான். மேலே ஏறி லீவரைப் பிடித்துவிட்டால் வேறு மனுஷன். அவனை ஸ்டோரில் உட்கார்த்தி வைத்து நட்டுப் பொறுக்கச் சொல்வதும் ஒன்று, அவனைச் சுருட்டிப் பரண்மேல் போடுவதும் ஒன்று. அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிய வேண்டியதுதான். அந்தக் காகிதத்தில் இருப்பது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

தம்பி வேலை பார்க்கிற வண்டி யார்டில் பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கின்றன. அதில் கடைசிக் கொட்டகைப் பக்கம் நிற்கிற இரண்டு புல்டோசர்களும் அரதப் பழசு. டீசல் வண்டிதான், ஆனால் சாவியைத் திருகினால் கிளம்புகிற சாதி இல்லை. உள்ளே இருக்கிற டீசல் இன்ஜின் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். அதை உருட்டி எழுப்ப எந்த பாட்டரிக்கும் தெம்பு கிடையாது. அதனால் அதன் விலாவிலேயே ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜினை ஒட்டவைத்திருக்கிறார்கள். அதற்கு யார்டில் 'குட்டி' என்று பெயர். முதலில் மனுஷன் ஹேண்டிலைப் போட்டுக் குட்டியை எழுப்ப வேண்டும். குட்டி கொஞ்ச நேரம் படபடவென்று கத்திச் சூடான பிறகு, அது பெரியதைப் பிடித்து உருட்டும். பெரியது புகை கக்கி விழித்துக்கொண்டதும் குட்டியின் பெட்ரோல் குழாயை மூடிவிட வேண்டும். குழாயில் மிச்சமிருக்கிற சொட்டைக் குடித்துவிட்டு அது தானே அடங்கும். இவ்வளவுதான் விஷயம்.

இதில் ஆபத்து பெரியதில் இல்லை. குட்டியில்தான். ஹேண்டிலைச் சுற்றும்போது நெருப்புப் பொறி ஒரு நொடி முந்திக்கொண்டால் குட்டி எதிர்ப்பக்கமாக உதைக்கும். கையிலிருக்கிற இரும்பு ஹேண்டில் வந்த வேகத்தில் திரும்பும். அதனால்தான் குட்டிக்கு ஹேண்டில் போடுகிறவன் எவனும் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வைக்கவே மாட்டான். நாலு விரலோடு ஐந்தாவதாக அதையும் ஒரே பக்கம் சேர்த்து, கொக்கி மாட்டுகிற மாதிரி மாட்டி, மேலே இழுப்பான். உதைத்தால் ஹேண்டில் விரல்களைத் திறந்துகொண்டு தன் வழியே போய்விடும். சுற்றிப் பிடித்திருந்தால் கட்டைவிரலையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

இது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்றால், பதினெட்டு வருஷமாக அந்த யார்டின் கேன்டீனில் டீ ஊற்றுகிறவள் அவள்தான். பிடி வைத்த எனாமல் குவளைகள். மற்றவர்கள் எல்லாரும் பிடிக்குள் விரலை விட்டு, கட்டைவிரலை மேலே அழுத்திப் பிடிப்பார்கள். தம்பி மட்டும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலோடு ஒட்டவைத்து, குவளையைத் தொங்கவிட்டுத்தான் குடிப்பான். வாளியைத் தூக்கினாலும் அப்படித்தான், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும் அப்படித்தான், கதவைத் திறந்தாலும் அப்படித்தான். யார்டில் அதற்குக் 'குரங்குப் பிடி' என்று பெயர் வைத்துக் கேலி செய்வார்கள். கல்யாணத்தன்று பொண்டாட்டி கையைக்கூடக் கட்டைவிரலைச் சுற்றாமல்தான் பிடித்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கையில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். அப்பேர்ப்பட்டவன் ஹேண்டிலைச் சுற்றிக் கட்டைவிரலை வைத்தான் என்று எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

எழுதியவர் யார்டு சூப்பர்வைசர். சட்டைப்பையில் எப்போதும் நாலு பேனா குத்தியிருப்பதால் எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் நாலு பேனா. கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை. பச்சையை யார் கையில் பார்த்தாலும் அவருக்குப் பிடிக்காது. வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

நாலு வாரத்துக்கு முன்னால், அன்றைக்குக் காலையில் நடந்தது என்ன என்பதற்கு அக்காவே சாட்சி. கேன்டீன் ஜன்னலைத் திறந்தால் கடைசிக் கொட்டகை நேரே தெரியும். பெரிய இடத்திலிருந்து படம் பிடிக்க ஆள் வருகிறார்கள், எல்லா வண்டியும் ஓடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நாலு பேனா காலை ஏழு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையில் வந்து குதித்துக்கொண்டிருந்தார். தம்பி குட்டியின் ஹேண்டிலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"சார், டக் சத்தம் வரல."

குட்டிக்குப் பொறி கிளப்பிக் கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் அது 'டக்' என்று விழும். அது விழுந்தால் பொறி நிதானித்து வரும், குட்டி உதைக்காது. ஸ்பிரிங் உடைந்துவிட்டால் டக் வராது. டக் வராத குட்டியைத் தொடக் கூடாது. தம்பி பத்து நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தான். மெக்கானிக் அண்ணனும் ஸ்பிரிங் வேண்டும் என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

"டக்காவது புக்காவது! காலங்கார்த்தால சகுனம் பாத்துக்கிட்டு நிக்கிறியா? சுத்துய்யா!" என்றார் நாலு பேனா.

தம்பி ஒரு முறை அவரைப் பார்த்தான், ஒரு முறை தரையைப் பார்த்தான், பிறகு சுற்றினான். முதல் இழுப்பிலேயே குட்டி உதைத்தது. ஹேண்டில் அவன் விரல்களைத் திறந்துகொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து முன்கையில் இறங்கியது. அந்தச் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிய, கரண்டியோடு ஓடினாள் அக்கா. முன்கை நடுவில் வளைந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. இன்றைக்கும் மாவுக்கட்டுக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சுற்றி நின்றவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் அன்றிலிருந்து வாய் அடைத்துப்போய்விட்டது.

"நாளைக்கு நீ வாயைத் திறந்து நடந்ததை நடந்தபடி சொல்லணும்," என்றாள் அக்கா.

"சொன்னா நம்புவாங்களா?"

"நம்புறது அவங்க வேலை. சொல்றது உன் வேலை. உன் வேலையையாவது நீ பாரேன்டா!"

தம்பி தலையை ஆட்டினான். அவன் எல்லாவற்றுக்கும்தான் தலையை ஆட்டுவான்.

மறுநாள் பத்து மணிக்கு விசாரணை. யார்டு ஆபீஸ் என்பது ஒரு இரும்புப் பெட்டிக்கு ஜன்னல் வைத்த அறை. ஏ.சி. ஒழுகுகிற தண்ணீருக்கு வெளியே ஒரு பெயின்ட் டப்பா வைத்திருந்தார்கள். அது நிரம்பி வழிந்து வாசலெல்லாம் சேறு. தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஒல்லியான உடம்பு, நல்ல ஜலதோஷம், மடியில் கைக்குட்டை. அவர் இடத்தில் யாராவது தடியாக, உறுமுகிற ஆளாக வந்திருந்தால் பரவாயில்லை, சண்டை போட வசதியாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்கென்ன, டீத் தட்டுக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லையே! மூன்று குவளையை வைத்து எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

நாலு பேனா பேசிக்கொண்டிருந்தார். "...ஒரு தடவையில்ல மேடம், நூறு தடவை சொல்லியிருக்கேன். கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காதேன்னு. இவங்களுக்கெல்லாம் ஒரு அலட்சியம். இப்ப அவரே ஒத்துக்கிட்டார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"ஒத்துக்கிட்டீங்களா?" என்று அதிகாரி தம்பியிடம் கேட்டார்.

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். தரையைப் பார்த்தான். மேஜை மேல் நீலப் பேனா திறந்து தயாராகக் கிடந்தது. அவனுடைய இடது கை மெள்ள அதன் பக்கம் நகர்ந்தது.

ணங்கென்று குவளையைப் பேனா மேலேயே வைத்தாள் அக்கா. டீ சிந்தியது.

"மொதல்ல டீ குடி."

"யாரு நீங்க?" என்றார் அதிகாரி.

"கேன்டீன், மேடம். இவன் கூடப் பொறந்த அக்காவும் நான்தான்."

"மேடம், இந்தம்மா வாயைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் மூடாது," என்று நாலு பேனா எழுந்தார்.

"இந்த யார்டுல நாலு வாரமா யாருமே திறக்கலையே சார். அதான் எல்லாருக்கும் சேத்து நானே திறக்கிறேன்." அக்கா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "மேடம், நான் எதுவும் சொல்ல வேண்டாம். இவன் டீ குடிக்கிறதை மட்டும் ஒரு நிமிஷம் பாருங்க."

தம்பி கூச்சத்தில் நெளிந்தான். ஆனாலும் அக்கா சொன்னால் குடிக்காமல் இருக்க முடியாது. இடது கையால்தான் குவளையை எடுத்தான். கட்டைவிரல் மற்ற நாலோடு ஒட்டி நின்றது. குவளை கொக்கியில் தொங்குகிற மாதிரி தொங்கியது.

"பாத்தீங்களா? இடது கை, மேடம். ஹேண்டில் போடாத கை. அதுக்கே இந்தப் பழக்கம் வந்து ஒட்டிக்கிச்சு. இருபத்தொரு வருஷம்! தூக்கத்துல கொசு அடிச்சாக்கூட இவன் கட்டைவிரலைச் சுத்த மாட்டான். வலது கையைப் பாருங்க. கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சிருந்தா மொதல்ல எது உடையணும்? கட்டைவிரல்தானே? அது நட்டமா நிக்குது, முன்கை ரெண்டாப் போயிருக்கு. இந்தக் காகிதத்துல எழுதினவருக்குக் கண்ணு இல்லையா, இல்ல மனசு இல்லையா?"

டீயில் நனைந்த பேனாவைத் துடைத்துப் பையில் குத்திக்கொண்டே நாலு பேனா சிரித்தார். அந்தச் சிரிப்பில் அக்காவுக்குக் காது வரை சூடேறியது. "இதென்ன மேடம், டீக் குவளையை வெச்சு இன்ஜின் விசாரணையா? அன்னிக்கு அவசரத்துல மாத்திப் பிடிச்சிருப்பார். கட்டைவிரல் தப்பிச்சது அவர் அதிர்ஷ்டம். வண்டியில ஒரு குறையும் இல்ல."

"டக் வரலன்னு அவன் சொன்னதுக்கு 'டக்காவது புக்காவது'ன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்தது சார்!"

"அக்கா இல்லையா, அப்படித்தான் காதுல விழும்."

அதிகாரி நீண்ட நேரம் மூக்கைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றபோது, இந்த அம்மாவும் அவர்கள் பக்கம்தான் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

"வண்டியில குறை இல்லன்னு சொல்றீங்க. அப்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

கடைசிக் கொட்டகைக்குப் போகிற பாதை முழுக்க எண்ணெய்ச் சேறு. அதிகாரி செருப்பைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்தார். அது அக்காவுக்குக் கொஞ்சம் பிடித்தது. யார்டே வேலையை விட்டுவிட்டு வந்து கூடியது. எட்டு ஊமைகளும் முன்வரிசையில் நின்றார்கள்.

"மெக்கானிக், ஹேண்டில் போடு," என்றார் நாலு பேனா.

மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் குழாயைத் திறந்தார், சோக்கை இழுத்தார், சுவிட்சைப் போட்டார், ஹேண்டிலை அதன் துளையில் மாட்டினார். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"நேத்துலேர்ந்து இடுப்புப் பிடிப்பு சார். குனிய முடியல."

"நீ போடுய்யா," என்று நாலு பேனா பக்கத்து வண்டி டிரைவரைக் காட்டினார்.

"தோள்பட்டை எறங்கியிருக்கு சார். டாக்டர் எடையே தூக்கக் கூடாதுன்னுட்டார்."

"நீ?"

"பல் வலி சார்," என்றான் மூன்றாவது ஆள்.

"பல் வலிக்கும் ஹேண்டிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அதிகாரி கேட்டார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் மேடம் சுத்தணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நாளில் யார்டு முழுக்க வியாதி பரவிவிட்டதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. தொட்டால் உதைக்கும் என்று இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிகிறது, பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிகிறது. தெரிந்ததை ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. மானங்கெட்ட ஜன்மங்கள்.

"சரி, நீங்களே போடுங்களேன்," என்றார் அதிகாரி நாலு பேனாவிடம். குரலில் கிண்டல் எதுவும் இல்லை. "நூறு தடவை சொல்லிக் குடுத்தவர்தானே."

இத்தனை பேர் முன்னால் எப்படி மாட்டேன் என்பார்? நாலு பேனா சட்டைக் கையை மடித்துவிட்டார். பேனாக்கள் விழாமல் பையை ஒரு முறை அமுக்கிக்கொண்டார். குனிந்து ஹேண்டிலைப் பிடித்தார்.

அக்கா பார்த்தாள். எல்லாருக்கும் முன்னால் அவள்தான் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகக் கைகளையே பார்த்துப் பழகிய கண். நாலு விரலும் ஒரு பக்கம். கட்டைவிரல் மறுபக்கமாகச் சுற்றி வந்து, ஆள்காட்டி விரல் மேல் இறுக்கமாக அமர்ந்திருந்தது. கழுத்தை நெரிக்கிற பிடி.

அவள் வாய் திறக்கவில்லை.

நேற்றுச் சபித்தது ஞாபகம் வந்தது. வாபஸ் வாங்கியதும் ஞாபகம் வந்தது. வாங்கியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. சுற்று, சுற்றிப் பார், தெரியும் உனக்கு. டீத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"சார்! கட்டைவிரல்!"

யார் குரல் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. இவ்வளவு சத்தமாக அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. தம்பி கட்டுப்போட்ட கையோடு பாய்ந்து, இடது கையால் குட்டியின் சுவிட்சைத் தட்டி அணைத்தான். அதே கையால் நாலு பேனாவின் மணிக்கட்டைப் பிடித்து ஹேண்டிலிலிருந்து பிய்த்து எடுத்தான். அவர் தடுமாறிச் சேற்றில் உட்கார்ந்தார். பேனாக்கள் நாலும் சிதறின.

"அப்படிப் பிடிக்கக் கூடாது சார்! கட்டைவிரலைச் சேத்து வெக்கணும்! விரலே பிஞ்சிருக்கும்!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கு முன்னாடி டக் கேக்கணும். டக் வரலன்னா தொடவே கூடாது. அன்னிக்கே சொன்னேனே சார்... சொன்னேனே!"

அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, ஜலதோஷக் குரலில் நிதானமாகப் படித்தார். "'பலமுறை அறிவுறுத்தியும் கேளாமல், கைப்பிடியைச் சுற்றிக் கட்டைவிரலை வைத்துப் பிடித்ததால்...' அறிவுறுத்தினது நீங்கதானே?"

நாலு பேனாவின் முகத்தில் ஈயாடவில்லை. வலது கை இன்னும் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவசரமாக விரித்தார்.

"டக்னா என்ன?" என்று அதிகாரி கேட்டார். தம்பியிடம் இல்லை, மெக்கானிக் அண்ணனிடம்.

மெக்கானிக் அண்ணன் மென்று விழுங்கினார். தம்பியைப் பார்த்தார். பிறகு, இடுப்புப் பிடிப்பு போன இடம் தெரியாமல் குனிந்து, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எண்ணெய் படிந்த இரும்பு நகர்கிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஹேண்டிலைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற இன்னொரு பழைய வண்டிக்குப் போனார். அங்கேயும் சுவிட்சைப் பார்த்துவிட்டு மாட்டி, அதே மாதிரி மெதுவாகச் சுற்றினார்.

டக்.

கொட்டகையின் கடைசியில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"ஸ்பிரிங் ஒடைஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு மேடம்," என்றார் மெக்கானிக் அண்ணன். "அவன் சொன்னான். நானும் சொன்னேன். இவர்தான் அப்புறம் பாக்கலாம்னார்."

"ஆமா மேடம்," என்றான் பல் வலிக்காரன். "நாங்களும் அங்கதான் நின்னோம்." தோள்பட்டைக்காரனும் ஆமாம் என்றான். ஒருவன் வாயைத் திறந்ததும் எட்டும் திறந்துகொண்டது. இப்போது பேசாதவன் பாவி என்கிற மாதிரி ஆளாளுக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள். அக்கா எல்லாரையும் ஒரு முறை முறைத்தாள்.

அதிகாரி சேற்றில் கிடந்த சிவப்புப் பேனாவைக் குனிந்து எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். அரைப் பக்கத்தையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

"உங்க லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். கை சரியானதும் வண்டிக்குத் திரும்புங்க," என்று தம்பியிடம் சொன்னார். பிறகு நாலு பேனாவிடம், "நீங்க உள்ள வாங்க. நடந்ததை இன்னொரு தடவை எழுதணும். இந்தத் தடவை கையெழுத்து நீங்க போடுறீங்க."

அவர்கள் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒவ்வொருவனும் தம்பியின் நல்ல தோளில் தட்டிக்கொண்டு போனான். நாலு வாரமாக அந்தத் தோள் எங்கே போயிருந்தது என்று அக்காவுக்கு நாக்கு வரை வந்தது.

கேன்டீனுக்கு வந்ததும் தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை வைத்த வேகத்தில் அது ஒரு முறை துள்ளியது.

"ஏன்டா, உனக்காகப் பேசுன்னு நாலு வாரமாத் தொண்டை கிழியக் கத்தினேன். வாயில பூட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே. பேனா வரைக்கும் கையை நீட்டினே. அவனுக்கு ஒரு விரல் போகப்போகுதுன்னதும் மட்டும் எங்கேருந்துடா வந்தது அந்தக் குரல்? உன் சோத்துல மண்ணைப் போட வந்தவனுக்குப் போய் விரலைக் காப்பாத்திக் குடுத்தியே!"

"அதனாலதானேக்கா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"முடியும்னு தெரிஞ்சா பாஞ்சே?"

தம்பி யோசித்தான். "இல்ல. ஒண்ணும் தெரியல. கட்டைவிரல்தான் தெரிஞ்சுது." கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "உதைக்கும்னு தெரியுது. தப்பாப் பிடிச்சிருக்கார்னும் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு எப்படிக்கா ஒருத்தன் சும்மா நிப்பான்?"

அக்கா டீத்தூளை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். எட்டுப் பேரையும் ஊமை என்று, மானங்கெட்டவர்கள் என்று மனசுக்குள் வைதது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவர்களாவது வேலைக்குப் பயந்து சும்மா நின்றார்கள். தான் ஆசைப்பட்டு நின்றோம். தம்பிக்கு அது தெரியாது. அவனைவிட முன்னாலேயே அந்தக் கட்டைவிரலை அக்கா பார்த்துவிட்டாள் என்று அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? முகம் சுட்டது, அடுப்புச் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். வெட்கமாக இருந்தது. நல்லபடியாக டீ ஊற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தவளை அப்படி நிற்கவைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து நாலு பேனா மேல் ஆத்திரம் வந்தது.

வாசலில் நிழல் தட்டியது. நாலு பேனாதான். பின்பக்கமெல்லாம் சேறு, பையில் ஒரே ஒரு பேனா. உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"ஒரு டீ," என்றார் மெதுவாக.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தாள். தம்பி அதற்குள் இடது கையால் பெஞ்சிலிருந்த துணியைத் தள்ளி அவருக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் குவளையில் டீயை ஊற்றினாள். வாய் வரை ஊற்றினாள். எனாமல் குவளை கொதித்தது. ணங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

"சுடும்," என்றாள். "கட்டைவிரலை மேல வெக்காதீங்க."